வாசகர் கேள்வி – பதில்: சட்டைப்பைக்குள் அடங்கும் பைனாகுலர்

சிறிய பைனாகுலர் வாங்குவது பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கேட்டெழுதியிருக்கிறார்கள். ஒருவர் பயிர்க்காவலுக்குக் கேட்கிறார், ஒருவர் பறவை பார்க்கக் கேட்கிறார், இன்னொருவர் மலையேற்றத்துக்குக் கேட்கிறார். ஒரு கடிதத்துக்கான விடை மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (மஸ்கெலியா வாசகர்): தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் லயத்துக்குப் பின்னாலுள்ள நிலத்தில் லீக்ஸும் போஞ்சியும் பயிரிடுகிறேன். பொழுது மங்கியதும் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடுகின்றன. அனுமதிப்பத்திரத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் உறவினர் ஒருவருடன் காவல் இருக்கிறேன். எப்போதாவது வேட்டைக்குப் போவதும் உண்டு. கட்டாரில் வேலை செய்யும் மகன் லீவில் வரும்போது பைனாகுலர் வாங்கி வருவதாகச் சொல்கிறான். சட்டைப்பையில் வைக்கக்கூடிய சிறியவற்றில் 8×25, 10×25 என இரண்டு வகை உண்டாம். விலையும் ஏறத்தாழ ஒன்றுதானாம். அப்படியானால் பெரிய எண்ணை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: இல்லை ஐயா. 8×25 ஐயே வாங்கி வரச் சொல்லுங்கள். முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் முன்புறப் பொருள்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கின்றன. எட்டு மடங்கு என்றால் 80 மீற்றருக்கு அப்பால் நிற்கும் பன்றி 10 மீற்றரில் நிற்பதுபோல் தெரியும். பத்து மடங்கில் அது 8 மீற்றரில் நிற்பதுபோல் தெரியும். இந்த இரண்டு மீற்றர் இலாபத்துக்காக நீங்கள் மூன்று வகையில் இழக்கிறீர்கள்: கை நடுக்கமும் பத்து மடங்காகப் பெருகும், ஒரே நேரத்தில் கண்ணுக்குள் அடங்கும் நிலப்பரப்பு குறுகும், எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சம் குறையும்.

உங்களுக்கு முக்கியமானது இந்த மூன்றாவது இழப்புத்தான். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், பார்வைத்துண்டிலிருந்து வெளியேறி உங்கள் கண்ணுக்குள் செல்லும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8×25 இல் அது 3.1 மில்லிமீற்றர், 10×25 இல் 2.5 மில்லிமீற்றர். நண்பகலில் நமது கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கியிருப்பதால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. கடைக்காரர் பகல் வெளிச்சத்தில் காட்டும்போது பத்து மடங்கு கவர்ச்சியாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். இருள் கூடும்போது கண்மணி விரிகிறது. இளைஞர்களுக்கு ஏழு மில்லிமீற்றர் வரையும், வயது சென்றவர்களுக்கு ஐந்தளவிலும் விரியும். அந்த வேளையில் ஒளிவட்டம் எவ்வளவு பெரிதோ காட்சியும் அவ்வளவு பிரகாசமாகத் தெரியும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 8×25 இல் கிடைக்கும் காட்சி 10×25 இன் காட்சியைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான பிரகாசம் உடையது. நமது நாட்டில் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்குள் இருட்டிவிடுகிறது. பள்ளத்தாக்குகளிலோ மலை மறைப்பதால் வெயில் அதற்கும் முன்பே போய்விடுகிறது. பன்றி இறங்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முழு இருட்டில் 8×25 உம் கைவிட்டுவிடும். மாலைக் காவலே உங்கள் முதல் தேவை என்றால், சட்டைப்பை என்ற நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தி ஜாக்கெட் பைக்குள் அடங்கும் 8×32 ஒன்றைப் பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். அதன் பொருள்வில்லை 25 மில்லிமீற்றர் வில்லையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஒளிவட்டமும் நான்கு மில்லிமீற்றராகும். எடை ஐந்நூறு கிராமை எட்டக்கூடும். சட்டைப்பை வகைகள் பெரும்பாலும் 250 முதல் 400 கிராமுக்குள் முடிந்துவிடும். கழுத்தில் தொங்கும் இருநூறு கிராம் சுமையா, மங்கிய வேளையில் கிடைக்கும் பத்து நிமிடப் பார்வையா என்பதே உங்கள் முன் உள்ள தெரிவு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

வேட்டை என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் மரை, சிறுத்தை உள்ளிட்ட பெரும்பாலான காட்டு விலங்குகளைப் பாதுகாக்கின்றன. காட்டுப்பன்றி அப்பாதுகாப்புக்கு வெளியே நிற்கும் சில விலங்குகளுள் ஒன்று. தேசிய பூங்காக்களுக்குள்ளும் ஒதுக்குக் காடுகளுக்குள்ளும் எந்த விலங்கையும் வேட்டையாட முடியாது. பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கு பன்றியை மட்டும் பிடிப்பதில்லை என்பதற்கு உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சில நாட்களில் இறந்துபோனது. உங்கள் காவலில் பைனாகுலருக்குள்ள முதல் வேலையும் இதுதான்: புதருக்குள் அசைவது பன்றியா, மரைக்கன்றா, விறகு பொறுக்கப் போய்ப் பிந்தித் திரும்பும் மனிதரா என்று நிச்சயப்படுத்துவது. துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியால் இதைச் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அடையாளம் தெரியாத ஒன்றின் மீது குழாயை நீட்டிக்கொண்டு அடையாளம் தேடுவதைப் போன்ற ஆபத்தான பழக்கம் வேறில்லை. உறவினரின் துப்பாக்கி தரையை நோக்கியிருக்கட்டும். பார்க்கும் வேலையைப் பைனாகுலர் செய்யட்டும்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதைக் கடையொன்றில் ‘30×60’ என்று அச்சிட்ட, உள்ளங்கையளவு பைனாகுலர் மிக மலிவாக விற்கப்படுகிறது. அதிலே ‘126 மீ / 1000 மீ’ என்றும், ‘இரவிலும் பார்க்கலாம்’ என்றும் எழுதியிருக்கிறது. வில்லைகள் சிவப்பாக மின்னுகின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது பொய் என்பதைக் கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுக் காட்டலாம். 60 என்பது உண்மையானால் முன்வில்லை ஒவ்வொன்றும் ஆறு சென்ரிமீற்றர் அகலமாக இருக்க வேண்டும். அப்படியொரு கருவி உள்ளங்கையில் அடங்காது. பிள்ளைகளின் அளவுகோலொன்றைக் கொண்டுபோய் வில்லையின் குறுக்கே வைத்துப் பாருங்கள். இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் இருக்காது.

மற்ற எண்ணும் அப்படித்தான். ஆயிரம் மீற்றர் தூரத்தில் 126 மீற்றர் அகலம் தெரியும் என்றால் அது ஏறத்தாழ 7.2 பாகைக் கோணம். அதை முப்பது மடங்கு பெருக்கினால் 216 பாகை வருகிறது. நமது இரு கண்களும் சேர்ந்தே பக்கவாட்டில் ஏறத்தாழ 200 பாகைதான் பார்க்கும். மிக நல்ல பைனாகுலர்களிலேயே உள்ளே தோன்றும் காட்சி அறுபது எழுபது பாகையைத் தாண்டுவது அரிது. ஆகவே அந்தக் கருவிக்குள் பார்ப்பவருக்குத் தன் முதுகுப்புறமும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

உண்மையான உருப்பெருக்கத்தைக் கண்டுபிடிக்கவும் எளிய வழியுண்டு. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வானத்துக்கு நேரே காட்டினால் பார்வைத்துண்டின் நடுவில் சிறிய ஒளிவட்டம் தெரியும். அதன் அகலத்தால் முன்வில்லையின் அகலத்தை வகுத்தால் ஏறத்தாழ உண்மையான எண் வந்துவிடும். முன்வில்லை 22 மில்லிமீற்றரும் ஒளிவட்டம் நாலு மில்லிமீற்றருமாக இருந்தால் அது ஐந்தரை மடங்குக் கருவி. அதே ஒளிவட்டத்தைக் கூர்ந்து பார்த்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான அரியத்தின் தரமும் தெரியும். நல்ல கண்ணாடியில் வட்டம் முழுமையாக, ஓரமெல்லாம் ஒரே வெளிச்சமாக இருக்கும். மலிவான கண்ணாடியில் ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுண்டு, வட்டம் ஏறக்குறையச் சதுரமாகத் தோன்றும்.

சிவப்பு மினுக்கம் அழகுக்கு மட்டும்தான். சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும் வில்லைக்குள்ளே நீலமும் பச்சையுமான காட்சியே எஞ்சும், வெளிச்சமும் நட்டம். நல்ல பூச்சுள்ள வில்லையில் ஜன்னல் வெளிச்சம் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ பிரதிபலிக்கும். வெள்ளை வெளேரென்று பிரதிபலித்தால் அங்கே பூச்சே இல்லை. பெட்டியில் ‘எல்லா வில்லைப் பரப்புகளிலும் பல்லடுக்குப் பூச்சு’ என்ற பொருள்பட எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘பூச்சுள்ளது’ என்றிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் பூசியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘சூம்’ வகைச் சிறிய பைனாகுலர்களையும் இதே வரிசையில் ஒதுக்கிவிடலாம்.

மலிவாகவும் நல்லதாகவும் வேண்டுமென்றால், முன்வில்லைகள் இரண்டும் நெருங்கி, பார்வைத்துண்டுகள் அகன்றிருக்கும் பழைய அமைப்பைத் தேடுங்கள். அது இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854 இல் காப்புரிமை பெற்ற அரிய அமைப்பைத் திருப்பி வைத்த வடிவம். நேர்க்குழாய் வடிவில் மெலிதாக இருப்பவற்றின் அரியங்களை மிக நுண்மையாகக் கடைந்து சிறப்புப் பூச்சும் பூச வேண்டும் என்பதால், குறைந்த விலையில் அவற்றில் நல்ல காட்சி கிடைப்பதில்லை. போரோ வகை கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ஆனால் அதே பணத்துக்கு அதன் காட்சியே தெளிவு.

கேள்வி (நுவரெலியா வாசகி): மூக்குக்கண்ணாடி அணிபவள் நான். விக்டோரியா பூங்காவில் காலையில் நடக்கும்போது பறவைகளைப் பார்ப்பதற்காகச் சிறிய 8×21 ஒன்று வாங்கினேன். திறப்புத் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் சிறு வட்டம் மட்டும் தெரிகிறது. பத்து நிமிடம் பார்த்தால் தலையிடியும் வருகிறது. கருவியில் பழுதா, என் கண்ணில் பழுதா?

பதில்: முதலாவது, பழுதல்ல, பொருத்தமின்மை. பார்வைத்துண்டிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளியிருந்தால் முழுக் காட்சியும் தெரியும் என்ற அளவு ஒவ்வொரு கருவிக்கும் உண்டு. மலிவான சிறிய கருவிகளில் அது பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர்தான். உங்கள் மூக்குக்கண்ணாடியே அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி அணிபவர் குறைந்தது 15 மில்லிமீற்றராவது உள்ளதைத் தெரிவு செய்ய வேண்டும். இப்போதுள்ள கருவியின் றப்பர் விளிம்புகளை மடித்தோ திருகி இறக்கியோ பாருங்கள். ஓரளவு காட்சி விரியும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவரானால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம், கருவியின் குவியத் திருகு அதைச் சரிசெய்துவிடும். கருவிழியின் வளைவு சீரற்றிருக்கும் குறைக்காக (astigmatism) அணியும் கண்ணாடியானால் திருகால் அதை ஈடுசெய்ய முடியாது.

தலையிடிக்குக் காரணம் பெரும்பாலும் வலப் பார்வைத்துண்டிலுள்ள வளையம் திருப்பப்படாமல் இருப்பதுதான். வலப்பக்க முன்வில்லையை உள்ளங்கையால் மூடி, இரு கண்களையும் திறந்தபடி, தூரத்து அறிவித்தல் பலகையொன்றை நடுத் திருகால் இடக் கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுத் திருகைத் தொடாமல், வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அதன்பின் நடுத் திருகு மட்டும் போதும். இதற்குப் பின்னும் வலித்தால், தொலைவிலுள்ள மின்கம்பியொன்றைப் பார்த்தவாறு கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். ஒரு கம்பி இரண்டாக, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பிரிந்தால் குழாய்களின் நேர்மை கெட்டுவிட்டது. அதைத் திருத்தச் செலவழிப்பது வீண். உத்தரவாதம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

விக்டோரியா பூங்காவுக்குச் சிறிய கருவி நன்றாகவே போதும். ஆண்டிறுதி மாதங்களில் இமயப்பக்கத்திலிருந்து வரும் காஷ்மீர் ஈபிடிப்பானும், ஓடையோரத்து ஆறுமணிக் குருவியும் அங்கே கிட்டத்திலேயே நிற்கும். மிக அருகிலுள்ள பறவையையும் தெளிவாக்கும் கருவியாக, இரண்டு மூன்று மீற்றர் வரை குவியக்கூடியதாக, அடுத்ததைத் தேடுங்கள்.

கேள்வி (பட்டிப்பொல வாசகர்): ஹோட்டன் சமவெளிக்கு வரும் வெளிநாட்டவருக்கு வழிகாட்டியாக வேலை செய்ய விரும்புகிறேன். அவர்கள் கழுத்தில் சைஸ், சுவரோவ்ஸ்கி, லைக்கா என்ற பெயர்களைப் பார்க்கிறேன். கடன்பட்டாவது அவற்றில் சிறியதொன்றை வாங்கலாமா?

பதில்: கடன்பட வேண்டாம். அந்தப் பெயர்கள் வெறும் பகட்டல்ல. சைஸ் நிறுவனம் 1894 முதல் அரியப் பைனாகுலர்களைச் செய்துவருகிறது. அவர்களது சிறிய 8×25 ஏறத்தாழ 310 கிராம், ஒஸ்ரியாவின் சுவரோவ்ஸ்கி 8×25 ஏறத்தாழ 345 கிராம். இவ்வளவு சிறிய உடலில் அவ்வளவு தெளிவைத் தருவதற்குத்தான் அந்த விலை. ஆனால் வழிகாட்டியின் கருவிக்குச் சிறிய அளவு ஒரு தகுதியே அல்ல. உங்கள் கருவி நாளெல்லாம் உங்கள் கழுத்தில் இருக்கும், அடிக்கடி விருந்தினர் கைக்கும் போகும். பழக்கமில்லாத ஒருவர் உடனே படத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஒளிவட்டம் பெரிதாக இருக்க வேண்டும். அரெங்கா குளத்தருகே சீகாரப் பூங்குருவியைக் காட்டப் போவது விடியற்காலை அரையிருட்டில், அதுவும் புதருக்குள். அங்கே 25 மில்லிமீற்றர் வில்லை உங்களைக் கைவிடும். அந்தப் பணத்தின் ஒரு பகுதிக்கு நடுத்தர விலையில் நல்ல 8×42 கிடைக்கும். திறந்த புல்வெளியில் மேயும் மரைகளைக் காட்டவோ எந்தக் கருவியும் போதும்.

வாங்கும்போது நைதரசன் நிரப்பி நீர் புகாமல் அடைத்ததா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். ‘தூறலைத் தாங்கும்’ என்ற சொல் நம் மலை மழைக்குப் போதாது.

கேள்வி (ஹற்றன் வாசகர்): சிவனொளிபாதமலை உச்சியில் சூரிய உதயத்தைப் பைனாகுலரால் பார்க்கலாமா? பிள்ளைகளையும் கூட்டிப் போகிறேன்.

பதில்: கூடவே கூடாது. சூரிய விளிம்பு தெரிந்த கணத்திலிருந்து பைனாகுலரைக் கிழக்குப் பக்கம் திருப்பவே விடாதீர்கள். ஒரு நொடிப் பார்வை விழித்திரையை நிரந்தரமாகச் சுட்டுவிடும், சுடும்போது வலியும் தெரியாது. உதயத்துக்குப் பின் மேற்கே திரும்பி, பனிப்படலத்தின் மீது விழும் மலையின் முக்கோண நிழலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்குப் பைனாகுலர் தாராளமாக உதவும்.

கேள்வி (அப்புத்தளை வாசகர்): அப்பாவின் பழைய பைனாகுலரை அலுமாரியிலிருந்து எடுத்தபோது உள்ளே சிலந்திவலைபோல் ஏதோ படர்ந்திருந்தது. துடைத்தும் போகவில்லை. புதிதாகச் சிறியதொன்று வாங்கினாலும் இதே கதிதானா? பனிமூட்டத்தில் பார்க்க உதவும் வகை ஏதும் உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில்: இல்லை. பனிமூட்டத்தை ஊடுருவும் பைனாகுலர் கிடையாது. அது மூட்டத்தையும் எட்டு மடங்கு பெருக்கித்தான் காட்டும்.

உள்ளே படர்ந்திருப்பது பூஞ்சணம். அது வில்லைக்கு உட்பக்கத்தில் இருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. ஆரம்ப நிலையானால் கமரா திருத்துபவர் பிரித்துச் சுத்தம் செய்யலாம். நீண்ட காலம் படர்ந்திருந்தால் பூஞ்சணம் பூச்சையே அரித்துத் தழும்பாக்கியிருக்கும். அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்வது வேறு விஷயம், பார்ப்பதற்கென்று அதன்மேல் பெரிய செலவு செய்ய வேண்டாம். இதே காரணத்துக்காகப் பழைய பைனாகுலர் வாங்குபவர்கள் பெரிய பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

புதியதைக் காப்பாற்றுவது கடினமல்ல. நைதரசன் அடைத்த கருவிக்குள் பூஞ்சணம் எளிதில் வராது. எந்த வகையானாலும் அதனுடன் வரும் தோலுறையில் வைத்து அலுமாரிக்குள் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இருட்டும் காற்றோட்டமின்மையும் மிச்சத்தைச் செய்துவிடும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். குளிரிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் வந்தவுடன் வில்லையில் நீர் படியும். அப்போது துடைக்காமல், பையைத் திறக்காமலே அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். மழையில் நனைந்த நாளில் மட்டும் கருவியை அன்றிரவே பெட்டிக்குள் வைக்காமல், வெளியே மேசைமேல் மூடியைக் கழற்றி விட்டு, மறுநாள் நன்றாக உலர்ந்த பிறகு உள்ளே வையுங்கள்.